வெள்ளிக்கிழமை ரிலே

ஆம்பூர்,
புதன்கிழமை.

அன்புள்ள ஹேமாவுக்கு,

நானும் பாப்பாவும் நலம். புவனேஸ்வரத்தில் நீயும் உன் ஓட்டக்காரர்களும் நலம்தானே? போனில் ரிலே பேச்சை எடுத்தாலே, பாப்பா சாப்பிட்டாளா என்று திருப்பிவிடுகிறாய். அதனால்தான் நாளை இரண்டாவது அணியோடு காட்பாடியில் ரயிலேறும் மோகனா டீச்சரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது.

பாப்பாவுக்கு ஜுரம் விட்டுவிட்டது. என் இட்லியைப் பற்றித் தெரு முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறாள்.

இனி உன் விஷயம். மழைக்குப் பயந்து கல்லூரிகளின் மண்டல ரிலே இறுதியைச் சனியிலிருந்து வெள்ளி மதியத்துக்கு மாற்றினாய். ஆம்பூரில் குடியிருந்துகொண்டு ஜும்மா நேரத்தை எப்படித்தான் மறந்தாயோ. நம்மூர்க் கல்லூரி ரிஹானும் கூட்டாளிகளும் தொழுகை முடிந்து ஓடி வருவதற்குள், வேலூர்க் கல்லூரிக் கோச் வேலாயுதம் சாரின் பையன்களுக்குக் கோப்பை கொடுத்தாயிற்று. தப்பு என்னுடையது, திங்கட்கிழமை மறுபடி ஓட வேண்டும் என்று மைக்கிலேயே சொன்னாய். அவர் பல்கலைக்கழகத்தில் புகார் கொடுத்தார். திரும்பி வந்ததும் மண்டலச் செயலாளர் பதவியை விட்டுவிடுவதாகச் சொல்லி ஞாயிறன்று கிளம்பிவிட்டாய்.

திங்களன்று ஷிப்டை மாற்றிக்கொண்டு மைதானத்துக்குப் போனேன். கடைசி வளைவு வரை ரிஹான்தான் முன்னால். முடிவுக் கோட்டுக்குக் கொஞ்சம் முன்பு வேலாயுதம் சாரின் வசந்த் தாண்டிவிட்டான். அதே அணிதான் மறுபடி ஜெயித்தது. முதலில் போய்க் கை கொடுத்தவன் ரிஹான்.

நேற்று வேலாயுதம் சார் நம் வீட்டுக்கு வந்தார். சண்டைக்குத்தான் என்று நினைத்தேன். டீயை வாங்கிக்கொண்டு, "வெள்ளிக்கிழம கெலிச்ச கப்ப என் பசங்க பஸ்லயே மறந்துட்டு எறங்கிட்டானுங்க சார், நான்தான் எடுத்தாந்தேன். நேத்து அதே கப்புக்கு ஆளாளுக்கு புடுங்கிக்கிறானுங்க. புகார வாபஸ் வாங்கிட்டேன். அடுத்த வருஷ அட்டவணையும் மேடம்தான் போடணும்" என்றார்.

பள்ளிகொண்டா பள்ளியில் பி.டி. டீச்சராக விசிலோடு தொடங்கியவள், இன்று இருபது கல்லூரிகளை ஓட வைக்கிறாய். எனக்குப் பெருமையாக இருக்கிறது. கம்பெனியில் கட்டிங் செக்‌ஷன் முழுக்கச் சொல்லியாகிவிட்டது, உன்னிடம்தான் சொல்லவில்லை.

உன் பிள்ளைகள் பதக்கத்தோடு திரும்பட்டும். புது வருடக் காலண்டர் வாங்கி மாட்டியிருக்கிறேன். வெள்ளிக்கிழமைகளுக்கெல்லாம் பாப்பா சிவப்புப் பென்சிலால் வட்டம் போட்டுவிட்டாள். மற்ற நாட்கள் காலியாக இருக்கின்றன. வந்து நிரப்பு, ஹேமா.

உன்,
சம்பத்