உள்ளங்கை விரியட்டும்

மார்ச் 4

இடது கையால் எழுதுகிறேன். கோழி கிளறியதுபோல் இருக்கிறது. இருக்கட்டும், படிக்கப்போவது நான் மட்டும்தானே.

இன்று அந்த இயந்திரத்தில் கையைக் கட்டினார்கள். மருத்துவமனையின் இரண்டாம் மாடியில் ஜன்னலோர நாற்காலி. எதிரே திரை, பக்கத்தில் ஓர் இரும்புக் கை. பக்கவாதத்தில் விழுந்துபோன என் வலது கையை அதன்மேல் வைத்துப் பட்டை போட்டாள் பிசியோ பெண். திரையில் வரும் பந்தைத் தொட நான் கையை நீட்ட வேண்டும். எனக்கு எட்டாத மிச்சத் தூரத்தை அது நீட்டிவிடும்.

"நீங்க ஆரம்பிச்சாதான் அது உதவும். நீங்க சும்மா இருந்தா அதுவும் சும்மா இருக்கும்" என்றாள்.

கல்யாணமே வேண்டாம் என்று கத்தரிக்கோலைக் கட்டிக்கொண்டு வாழ்ந்தவள் நான். ஐம்பத்திரண்டு வயதில் ஒருத்தன் கையைப் பிடித்திருக்கிறான். அவனுக்கு மாப்பிள்ளை என்று பெயர் வைத்துவிட்டேன்.

"கை சரியானதும் முதல்ல என்ன செய்ய ஆசை?" என்று கேட்டாள். துணி வெட்டணும் என்றேன். பொய். தம்பியை அறையணும்.

மார்ச் 6

ஏன் அறைய வேண்டும்? ஒருமுறை எழுதிவிடுகிறேன்.

அன்று எங்கள் தையல் கடையில் கோட்டுக்குத் துணி வெட்டிக்கொண்டிருந்தேன். கத்தரி கையிலிருந்து நழுவியது. எடுக்கக் குனிந்தால் கை வரவில்லை. வாய் கோணியது, நாக்கு தடித்துவிட்டது. தம்பி பார்த்தான். நன்றாகப் பார்த்தான். அன்று சாயங்காலம் ஒரு ஹோட்டலுக்கு யூனிஃபார்ம் கொடுத்தாக வேண்டும்.

"அசதிக்கா. உள்ள போய்க் கொஞ்ச நேரம் படு." துணி மூட்டைமேல் என்னைச் சாய்த்துவிட்டுத் திரையை இழுத்துவிட்டுப் போனான். அதற்கப்புறம் தையல் மிஷின் ஓடும் சத்தம்தான். அவன் பேன்ட் தைக்கிறானா சட்டை தைக்கிறானா என்று சத்தத்திலேயே தெரிந்தது எனக்கு. கத்தத்தான் முடியவில்லை. கடைசிப் பட்டனும் தைத்து முடிந்த பிறகு வந்து பார்த்தான். பிறகு என்ன ஓட்டம்! என்னைத் தோளில் போட்டுக்கொண்டு தெரு நெடுக அழுதுகொண்டே ஓடினான்.

"இப்பதான் விழுந்தாங்க டாக்டர்" என்றான். நான் கேட்டுக்கொண்டு கிடந்தேன். சோதித்துப் பார்த்த டாக்டர், உடனே கொண்டுவந்திருந்தால் கை இவ்வளவு போயிருக்காது என்றார்.

இன்று தெருவே சொல்கிறது, தம்பின்னா இப்படி இருக்கணும் என்று. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவனுக்கு இந்தப் பேர்!

பேச்சு எனக்குத் திரும்பிவிட்டது. சொல்லலாம்தான். சொன்னால், பாவம், மூளை கலங்கிப்போச்சு என்பார்கள், அவனும் கூடவே அழுவான். வாய் வேண்டாம். அவன் கெடுத்த இதே கையால், கடையில் நாலு பேர் இருக்கும்போது, பளார் என்று ஒன்று. போதும்.

மார்ச் 12

திரையில் வரும் பந்துக்கெல்லாம் அவன் முகத்தை வைத்துப் பார்த்தேன். கை நன்றாகப் போகிறது.

மார்ச் 19

திருட்டுத்தனம் பிடிபட்டது. கை போகாத இடத்துக்கு உடம்பையே சாய்த்து எட்டிக்கொண்டிருந்தேன். பிசியோ பெண்ணுக்குக் கழுகுக் கண். மார்பின் குறுக்கே பட்டை போட்டு நாற்காலியோடு கட்டிவிட்டாள். "உடம்பு போகக்கூடாதும்மா, கை போகணும்."

வெளியே வந்தால் தம்பி வரவேற்பு மேசையில் சாய்ந்துகொண்டு, என்னைத் தோளில் தூக்கி ஓடிய கதையைச் சொல்லிக்கொண்டிருக்கிறான். மேசைக்குப் பின்னால் இருந்த பெண் கண்ணைத் துடைத்துக்கொள்கிறாள். பொறுத்தார் பூமி ஆள்வார். பூமி எனக்கு வேண்டாம், அவன் இடது கன்னம் போதும்.

மார்ச் 27

முழங்கை நீள்கிறது, தோள் உயர்கிறது. ஆனால் விரல்கள்? நீட்ட நீட்ட இறுகி மூடிக்கொள்கின்றன. முஷ்டிதான் இருக்கிறது. குத்திவிடலாமே என்று பார்த்தேன். சே, குத்துவது சண்டைக்காரன் வேலை. தப்பு செய்த தம்பிக்கு அக்கா கொடுப்பது அறைதான். அதற்கு உள்ளங்கை விரிய வேண்டும்.

திரையின் ஓரத்தில் கையின் இறுக்கத்தைக் காட்டும் கோடு சிவப்பாக ஏறியது. பிசியோ பெண் மாப்பிள்ளையை நிறுத்தினாள். "இப்ப என்ன நெனச்சீங்க? கோபமா ஏதாவது?"

"இல்லையே."

"கோபப்பட்டா இறுக்கம் கூடும்மா. கை மூடிக்கும். மனசு தளர்ந்தாதான் விரல் தளரும்."

இது என்ன நியாயம்? கோபம் இல்லாமல் எதற்கு அடிப்பது? கோபம் வந்தால் அடிக்கக் கை இல்லை!

ஏப்ரல் 3

இன்னைக்கும் விரல் வரல. அவன் முகத்தை நெனைக்காம இருக்கணுமாம். எப்படி நெனைக்காம இருக்க? காலையில காபி கொண்டுவந்து வாயில புகட்டுறான். "குடிக்கா, சூடு ஆறிடும்" — தொண்டையில இறங்குதா அது? கை இரும்பா இறுகிப்போச்சு. பாவி. பாவி.

ஏப்ரல் 9

கண்டுபிடித்துவிட்டேன்.

கோட்டுக்கு உள்ளே வைக்கும் லைனிங் துணி வழுவழுவென்று நழுவும். அதட்டினால் சுருங்கும். மேசையில் விரித்து, உள்ளங்கையால் மெதுவாக நீவி நீவித்தான் அடக்க வேண்டும். முப்பது வருஷம் செய்த வேலை. இன்று கண்ணை மூடிக்கொண்டு அந்தத் துணியை நினைத்தேன். சுண்டுவிரல் முதலில் அவிழ்ந்தது. அப்புறம் மோதிர விரல். பிசியோ பெண் கைதட்டினாள்.

ஆக, முகம் கூடாது, துணி வேண்டும். சரி, அவனைத் துணியாக நினைத்துக்கொண்டே அறைகிறேன்.

ஏப்ரல் 24

மாப்பிள்ளையின் உதவியைப் பாதிக்குமேல் குறைத்துவிட்டாள். கை விரிந்தபடியே பந்துக்குப் போகிறது. இவ்வளவு வேகமாக யாரும் தேறியதில்லை என்கிறாள். "என்ன ரகசியம்மா?" நல்ல எண்ணம் என்றேன்.

மே 2

இன்று போனேன்.

கடையில் நல்ல கூட்டம். மூன்று நான்கு வாடிக்கையாளர்கள், பட்டன் தைக்கும் அம்மா, பக்கத்துச் செருப்புக் கடைக்காரர். தம்பி என் கட்டிங் மேசையில் நின்று அட்டை வெட்டிக்கொண்டிருந்தான். எதனால்? என் கத்தரியால்! துணியைத் தவிர வேறெதையும் தொடாத கத்தரியால்! வெட்டிக்கொண்டே அதே கதை. "தோள்ல போட்டுட்டு ஓடினேன் சார், மூச்சே நின்னுடுச்சு எனக்கு."

எனக்குக் கை இறுக ஆரம்பித்தது. கூடாது. லைனிங், லைனிங் என்று சொல்லிக்கொண்டே கிட்டே போனேன். அவன் நிமிர்ந்து பார்த்தான். கையைத் தூக்கினேன். தூக்கிவிட்டேன்! தோள் வரை, அதற்கும் மேலே. விரல்கள் ஒவ்வொன்றாக விரிந்தன. வீசினேன்.

அது போய் அவன் கன்னத்தில் பட்டது. பட்டு, மெதுவாகக் கீழே வழிந்தது. துணியை நீவுகிற மாதிரி.

அவன் முகம் கோணியது. என் கையை இரண்டு கையாலும் பிடித்துக் கன்னத்தோடு அழுத்திக்கொண்டு ஓவென்று அழுதான்.

"நான்தான்க்கா லேட் பண்ணேன். வாய் கோணினப்பவே பார்த்தேன். ஆர்டர் போயிடுமேன்னு உன்னை உள்ள போட்டுட்டுத் தைச்சேன். எல்லாம் தெரிஞ்சும் என்னைத் தடவிக் குடுக்கிறியே!"

நான் வாயைத் திறந்தேன். இது தடவல் இல்லடா, அறை. சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எல்லாரும் சிரித்திருப்பார்கள்.

மே 3

தூக்கமில்லை. உண்மை நாலு பேர் முன்னால் வெளியே வந்துவிட்டது, வேறென்ன வேண்டும் உனக்கு? அறை வேண்டும்.

மே 9

எழுதவே எரிகிறது. உண்மை தெரிந்தால் தெரு அவனைக் காறித் துப்பும் என்றிருந்தேன். செருப்புக் கடைக்காரர் கடைக்கு வந்து, "தப்பை ஒத்துக்கவும் ஒரு மனசு வேணும்மா, உங்க தம்பிக்கு இருக்கு" என்றார். பட்டன் அம்மாவுக்கு நான் தெய்வம். தூக்கி ஓடிய கதை போய், அக்கா மன்னித்த கதை வந்துவிட்டது. அதையும் அவன்தான் சொல்கிறான். முன்னைவிட நன்றாகச் சொல்கிறான். கேட்க வருகிறவர்கள் துணியும் தைக்கக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள்.

கத்தரியைச் சாணை பிடித்து என்னிடம் கொடுத்துவிட்டான். மேசையையும் காலி செய்துவிட்டான். இன்று ஒரு காலர் வெட்டினேன். கோணல்தான். அவன் திருத்தி வெட்டாமல் அப்படியே தைத்தான்.

மே 16

மாப்பிள்ளையின் உதவியை முழுக்க எடுத்துவிடச் சொன்னேன் பிசியோ பெண்ணிடம். எடுத்தாள். எதிர்த்துத் தள்ளும்படி வைக்க முடியுமா என்று கேட்டேன்.

"முடியும். ஆனா என்னம்மா அவசரம்? கைதான் நல்லா வருதே."

"ஒரு தடவை முயற்சி பண்ணிப் பார்த்தேன். சத்தம் வரல."

அவளுக்குப் புரியவில்லை. இப்போதெல்லாம் தம்பி வெளியே உட்காருவதில்லை, உள்ளேயே வருகிறான். பட்டை கட்ட அவளிடம் கற்றுக்கொண்டான். இன்று அவனே குனிந்து என் கையை மாப்பிள்ளையோடு கட்டினான், ஒரு சுருக்கம் இல்லாமல். பந்து வந்தது. மாப்பிள்ளை எதிர்த்தான், நான் தள்ளினேன். தம்பி என் தோளுக்குப் பக்கத்தில் முகத்தை வைத்துக்கொண்டு திரையைப் பார்த்துக் கத்தினான்.

"அடிக்கா! இன்னும் ஓங்கி அடி!"

விரல்கள் விரிந்தே இருந்தன. அவன் கன்னமும் பக்கத்திலேயே இருந்தது. அடிக்கிறேன்டா என்றேன்.