ஓயாமல் ஓடிய ஃப்ரிட்ஜ்

அன்பு மனைவிக்கு,

நான் நலம். உன் முதுகுவலி குறைந்ததா? பிள்ளைகள் ஒழுங்காகச் சாப்பிடுகிறார்களா?

ஒன்று சொல்கிறேன், திட்டாதே. இங்கே அறைக்காரர்கள் எல்லாரும் பங்கு போட்டுக் கட்டும் கரண்ட் பில் ஏறிக்கொண்டே போனது. பக்கத்து அறை பெயின்டர்தான் வெந்நீர் ஹீட்டரை அணைக்காமல் விடுகிறார் என்று எல்லார் முன்னாலும் கத்திவிட்டேன். அன்றிலிருந்து இந்தக் குளிரிலும் அவர் பச்சைத் தண்ணீரில்தான் குளித்தார். பில் குறையவில்லை. அவரைக் கையும் களவுமாகப் பிடிக்க, பிளக்கில் மாட்டிப் பார்க்கும் மீட்டர் ஒன்று வாங்கினேன். ஒவ்வொன்றாகப் பார்த்ததில், மாட்டிக்கொண்டது என் அறை ஃப்ரிட்ஜ். கதவு ரப்பர் கிழிந்து, மோட்டார் ஒரு நிமிடம்கூட நிற்காமல் ஓடியிருக்கிறது. உள்ளே இருந்தது ஒரே ஒரு தண்ணீர் பாட்டில்.

அந்தச் சத்தம் எனக்குத் தெரியாததல்ல. அறையில் யாரோ இருப்பது போலிருக்கும் என்று விட்டுவைத்திருந்தேன்.

தலையைக் குனிந்துகொண்டு பெயின்டரிடம் போய்ச் சொன்னேன். "விடுங்கண்ணே. அப்ப இனிமே நான் வெந்நீர்ல குளிக்கலாம்ல?" என்றுதான் கேட்டார். கூனிக்குறுகிப் போனேன்.

ஃப்ரிட்ஜை அணைத்துவிட்டேன். இனி போனில் பேசி முடித்ததும் உடனே கட் பண்ணாதே. அடுப்படியில் வைத்துவிட்டு நீ பாட்டுக்கு வேலையைப் பார். நான் சும்மா கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

வேலைக்கு வண்டி வந்துவிட்டது, முடிக்கிறேன்.

உன் கணவன்