ரெண்டு ஊர் மாத்திரை

ஆகஸ்ட் 12, திங்கள்
மலையில் ஏலக்காய் எடுத்துவிட்டு வீடு வர ஆறு மணி. சந்திரவல்லி காத்திருந்தாள். வீடு வீடாகச் சர்க்கரை மாத்திரை கொடுக்கிற சர்க்கார் பிள்ளை. விரலில் குத்திப் பார்த்தாள். "வேற எங்கயும் மாத்திரை வாங்குறீகளா ஆத்தா?" இல்லை என்றேன். கைநாட்டுக்கு மையை நீட்டினாள். அஞ்சாப்பு படிச்சவளுக்கா மை? முழுப் பேரும் எழுதினேன்.

ஆகஸ்ட் 14, புதன்
பொய் உறுத்துகிறது. மலையில் எஸ்டேட் பக்கத்து ஆஸ்பத்திரியிலும் மாதாமாதம் வாங்குகிறேன். அங்கே கேரளா மருந்துக் கார்டு, இங்கே தமிழ்நாட்டுக் கார்டு. ரெண்டு ரேஷன் கார்டு வைத்திருந்தால் பிடிப்பார்களே, இதற்கும் பிடிப்பார்களோ? எதைப் பிடுங்குவார்கள்? அந்த மாத்திரை அட்டை வெள்ளை, இது பச்சை. வேறு வேறு மாத்திரைதானே? ரெண்டையும் விழுங்குகிறேன். பேத்தியிடம் கேட்டால், இதுகூடத் தெரியாதா அப்பத்தா என்பாள்.

ஆகஸ்ட் 19, திங்கள்
காய் எடுக்கையில் குப்பென்று வேர்த்தது. கை நடுக்கம், கண் இருட்டு — சரிவில் விழுந்துட்டேன். கூட வேலை பார்க்கும் ஒச்சம்மாள் சீனி போட்ட, பாலில்லாத கட்டஞ்சாயாவை வாயில் ஊற்றினாள். இன்னொரு தடவை விழுந்தால் வேலைக்குக் கூட்டிப் போகும் ஜீப்பில் ஏற்ற மாட்டேன் என்கிறார் கங்காணி. மாத்திரை தின்னத் தின்னச் சீக்கு கூடுதே. பத்தலையோ?

ஆகஸ்ட் 20
சோலிக்குப் போகலை.

ஆகஸ்ட் 22, வியாழன்
விழுந்ததைக் கேள்விப்பட்டு சந்திரவல்லி வந்தாள். "பிடிச்சுக் குடுக்க வரல ஆத்தா. என்னென்ன திங்கிறீகன்னு தெரியாம நான் என்னத்தக் குடுக்க?" ரெண்டு மாத்திரை அட்டையையும் எடுத்து வைத்தேன். பொடி எழுத்தை வாசித்தவள் முகம் மாறிவிட்டது. "ரெண்டும் ஒரே மருந்து. கம்பெனிதான் வேற. சர்க்கரை கூடல, தரைக்கு எறங்கிருச்சு. செத்துருப்பீக." டாக்டருக்குப் போன் போட்டாள். ஒன்று போதுமாம். கார்டை யாரும் பிடுங்க மாட்டார்களாம். ரெண்டு சர்க்காரும் ஒன்றோடு ஒன்று பேசிக்கொள்ளாதா? தினமும் போய் வருகிற நான்தான் ரெண்டு பக்கமும் சொல்ல வேண்டுமாம். இது என்ன முறையோ, விளங்கவில்லை.

ஆகஸ்ட் 26, திங்கள்
போடிமெட்டு ஏறும்போது ஜீப்பில் சொல்லிவிட்டேன், ரெண்டு இடத்திலும் வாங்கித் தின்றதை. பிறகு ஒச்சம்மாள் மடியிலிருந்து எடுத்தாள் — ஒரு வெள்ளை அட்டை, ஒரு பச்சை அட்டை. பின்னால் இன்னும் மூணு பேர் மடியைத் துழாவினார்கள்.

"படிச்சவ நீதான, பாத்துச் சொல்லு" என்றாள் ஒச்சம்மாள்.

இங்கிலீசு எழுத்து, எனக்குத் தெரியாது என்றேன். இதுவரை அந்த ஜீப்பில் நான் சொல்லாத பேச்சு. இறங்கும்போது டிரைவரிடம் சொல்லி வைத்தோம். சாயங்காலம் சந்திரவல்லி வீட்டு வாசலில்தான் ஜீப்பு நிற்கும்.