கீரை இல்லை, அக்கா

என் உயிரான மல்லிகா அக்காவுக்கு,

நீ கண்ணை மூடி எட்டு மாதம் ஆகிறது. ஜொகூர் பாரு பெரிய ஆஸ்பத்திரியில், அறுவை சிகிச்சை அறைக்கு வெளியே உட்கார்ந்து இதை எழுதுகிறேன். உள்ளே இருப்பது என் மகள் தேவியின் பிள்ளை, பிறந்து இரண்டே நாள். இன்று காலை பச்சையாக வாந்தி எடுத்தான். அந்தப் பச்சை உனக்குத் தெரியும்.

தேவியின் ஏழாம் மாத ஸ்கேனிலேயே டாக்டரம்மாவின் முகம் சரியில்லை. "பிள்ளைக்குக் குடல் இருக்க வேண்டிய மாதிரி இல்லைம்மா. முறுக்கிக்கலாம், முறுக்காமலும் போகலாம். ஸ்கேன்ல உறுதியா சொல்ல முடியாது. உங்க ஊரு குளுவாங்ல வேணாம், இங்கயே பெத்துக்கட்டும். பச்சையா வாந்தி எடுத்தா ஒரு நிமிஷம்கூடக் காத்திருக்காதீங்க" என்றார்.

உன் பிள்ளையும் இப்படிப் பச்சையாக எடுத்தபோது நாம் ஒரு பகல் முழுக்க ஓமத் தண்ணீர் கொடுத்துக் காத்திருந்தோமே! பிறந்த நான்காம் நாள் வயிறு கல்லாகி அவன் போய்விட்டான். "பத்தியத்துல யாருடி கீரை குடுத்தது?" என்று அம்மா கத்தினார். கீரை பால் வழியாகப் பிள்ளைக்குப் போய்விட்டதாம், எஸ்டேட்டே பேசியது. "அக்காதான் கேட்டு வாங்கிச் சாப்பிட்டுச்சு" என்றேன் நான். நீ கேட்கவே இல்லை. வெறும் ரசச் சோறு தின்கிறாயே என்று நான்தான் பசலைக் கீரையை ஒளித்துக் கொண்டுவந்து ஊட்டினேன். பதினான்கு வயதுப் பயந்தாங்கொள்ளி. கடைசிவரை நீ ஏன் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை?

இன்று காலை டாக்டரிடம் கேட்டே விட்டேன். "தாய் கீரை சாப்பிட்டா பிள்ளைக்குப் பச்சையா வருமா?"

"அது பித்தநீர்மா. குடல் முறுக்கி அடைச்சா வரும். சாப்பாட்டுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. யாரு சொன்னா?"



சற்று முன் சம்பந்தியம்மா போன் செய்தார். "உங்க பொண்ணு என்ன சாப்பிட்டுச்சு? சும்மாதான் லா கேட்டேன்." அதே கேள்வி, அக்கா. ஆத்திரம் தாங்காமல் போனை வைத்துவிட்டேன்.

இரண்டு மணி நேரம் என்றார்கள். மூன்று தாண்டிவிட்டது. நர்ஸ் மிஸ்ஸி ஒருத்தி ரத்தப் பையோடு உள்ளே ஓடினாள், என் முகத்தைப் பார்க்கவில்லை. முறுக்கிய குடல் செத்துக் கறுக்காமல் இருக்குமா? நேரத்தோடு வந்தோமா?

கதவு திறந்து என்ன சேதி வந்தாலும் சரி, தேவியை யாரும் அந்தக் கேள்வி கேட்க விடமாட்டேன். சொந்தக்காரர்கள் கூடும் முதல் நாளில், அன்று நான் உன்மேல் சொன்னது பொய் என்று என் வாயாலேயே சொல்வேன். அது பேர் வைக்கும் நாளாக இருந்தாலும், இன்னொன்றாக இருந்தாலும்.

உனக்குக் கீரை ஊட்டிய தங்கை,
சரசு