ஆட்சேபணை இல்லை

பிளாக்டவுன், சிட்னி
17.10.1974

அன்பின் அத்தானுக்கு,

நான் நலம். நீங்களும் கல்யாணியும் மாமியும் நலமாயிருக்கிறீர்களா என்று கேட்பது வழக்கம். இம்முறை நீங்கள் மூவரும் நலம் என்பது கல்லூரிப் பதிவாளர் மூலம் உத்தியோகபூர்வமாகத் தெரியவந்திருக்கிறது. அதனால் வழக்கத்தை விட்டுவிடுகிறேன்.

முதலில் குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். ஒரு வருடம் என்று சொல்லி வந்த விவசாய வணிகப் படிப்பு கார்த்திகையில் முடிகிறது. முடிப்பவர்களில் சிலரைப் பல்கலைக்கழகம் நேரே இரண்டாம் வருடத்தில் சேர்த்துக்கொள்ளும். என் பெயரையும் பரிந்துரைத்திருக்கிறார்கள். வகுப்பில் நான் ஒருத்திதான் பெண். வெங்காயம் நட்டு, அதை விற்க முடியாமல் அழுதவளும் நான் ஒருத்திதான். இரண்டாவது தகுதியைப் பார்த்துத்தான் தெரிவு செய்தார்கள் என்று நம்புகிறேன்.

இது ஆடி மாதமே எனக்குத் தெரியும். அதற்குப் பிறகு உங்களுக்கு நான்கு கடிதம் எழுதினேன். நான்கிலும் கல்லூரிப் பண்ணைப் பன்றிகளைப் பற்றியே எழுதினேன்.

புலமைப்பரிசிலை இரண்டு வருடம் நீட்டிக்கும் படிவத்தில் 'கணவரின் சம்மதம்' என்று ஒரு கட்டம் இருந்தது. நான் தங்கியிருக்கும் வீட்டுச் சிவமணி அன்ரியிடம் மட்டும் அதைக் காட்டினேன். "இன்னும் ரெண்டு வருசமோ? உன்ரை மகளுக்கு இப்பவே அஞ்சு வயசு. நீ போய் இறங்கேக்கை உன்னையும் அன்ரி எண்டுதான் கூப்பிடும், பார்" என்றார். படிவத்தை மடித்துக் கைப்பைக்குள் வைத்தேன். மூன்று கிழமை அது என்னோடு ரயிலேறிக் கல்லூரிக்குப் போய் வந்தது.

பதிவாளர் கூப்பிட்டார். கணவருக்கு அறிவித்தாயிற்றா என்று கேட்டார். இல்லை என்றேன். அவர் பெயரென்ன என்று கேட்டார். முந்தின நாள்தான் ஒரு பன்றிக்குப் பிரசவம் பார்த்திருந்தேன். கைக்கு வந்த துணிவு வாய்க்கு வரவில்லை. உங்கள் பெயரை நான் எந்தக் காலத்தில் சொன்னேன், அங்கே சொல்வதற்கு? தலைகுனிந்து படிவத்தை அவர் பக்கம் நகர்த்தி, பெயர் எழுதியிருந்த இடத்தை விரலால் தொட்டுக் காட்டினேன். பெயரைக் கேட்டாலே மனைவி நடுங்கும்படியான ஒருவர் யாழ்ப்பாணத்தில் இருக்கிறார் என்று அந்த நல்ல மனிதர் முடிவு செய்துவிட்டார். என்னிடம் சொல்லாமலே உங்களுக்கு மிகவும் மரியாதையாக ஒரு கடிதம் எழுதியிருக்கிறார்.

அவருக்கு உங்கள் பதில் நேற்றுத்தான் வந்தது. அரசாங்கக் கச்சேரியில் பதினொரு வருடம் எழுதுவினைஞராக இருப்பவர் எழுதியது என்று உறையைப் பார்த்தே சொல்லலாம். இலக்கமிட்ட நான்கு பந்திகள். ஒன்று: தங்கள் கடிதம் கிடைத்தது. இரண்டு: ஆட்சேபணை இல்லை. மூன்று: மனைவியின் கடைசி நான்கு கடிதங்களும் பன்றிகளைப் பற்றியவை, ஒரு கடிதத்தில் இவ்வளவு பன்றி வருமானால் எழுதியவர் வேறெதையோ சொல்ல முடியாமல் தவிக்கிறார் என்பது கீழே ஒப்பமிடுபவரின் அபிப்பிராயம். நான்கு: வீட்டில் மூவரும் நலம், கல்யாணி தானாகத் தலை சீவப் பழகிவிட்டாள், இது மனைவியின் தகவலுக்கு மட்டும்.

நான்காவது பந்தியை எந்தக் கோப்பில் போடுவது என்று பதிவாளர் கேட்டார். அது எனக்குரியது என்றேன். பிறகு அவர் ஜன்னல் பக்கம் திரும்பி, ஒன்றுமே இல்லாத புல்வெளியை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். நாகரிகமான மனிதர்.

அத்தான், அந்தச் சம்மதத்தைத் தபாலில் போட்ட அதே கிழமை எனக்கும் ஒரு கடிதம் எழுதியிருக்கிறீர்கள். அதில் கிணற்று மோட்டர் பழுதானதைப் பற்றி ஒன்றரைப் பக்கம். அதை நேற்று இரண்டாந்தரம் வாசித்தேன். உங்கள் மோட்டரும் என் பன்றிகளும் ஒன்றுதான் என்று அப்போதுதான் விளங்கியது.

"பண்டி மேய்க்கவோ என்ரை மருமகள் பிளேன் ஏறினவள்?" என்று மாமி கேட்டிருப்பார். ஓம் என்று சொல்லுங்கள். பிள்ளைக்கு இவ்வளவு நாளும் சோறூட்டி வளர்க்கும் அவருக்கு என் நன்றியைச் சொல்லுங்கள். உங்களுக்குச் சொல்ல வேண்டியதை எந்தப் பந்தியில் எழுதுவதென்று தெரியவில்லை.

ஒரே ஒரு வேண்டுகோள். கல்யாணி என்னைக் கேட்கிறாளா என்று எழுதுங்கள். கேட்பதை நிறுத்திவிட்டாள் என்றால் அதையும் எழுதுங்கள். பயப்பட வேண்டாம், பாதியில் ஓடி வரமாட்டேன். தெரிந்துகொண்டு படிக்க வேண்டும், அவ்வளவுதான்.

நன்றியோடும் கொஞ்சம் வெட்கத்தோடும்,
உங்கள் ரஞ்சினி