பெனுவாவின் பக்கம் கூரை ஒழுகுகிறது

நோனோவுத்தி,
வியாழக்கிழமை

அன்பு மகள் தெரீனாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான் நலம், அப்பா நலம், பன்றிகள் மூன்றும் நலம், கிணற்றுக்குத்தான் நலமில்லை, ஐந்து மாதமாக மழை இல்லாமல் தண்ணீர் உப்புக் கரித்து, தேநீர் போட்டால் மீன் குழம்பு மாதிரி இருந்தது. நீ ஃபிஜி ஆஸ்பத்திரியில் வேலை முடிந்து வந்து சாப்பிடாமலே தூங்கிவிடுகிறாயாமே, உன் ஆள் இயோபி சொல்லிவிட்டான், கோள் மூட்டுவதில் கெட்டிக்காரன். ஆமாம், பெண் கேட்க வந்து சேர்ந்துவிட்டான். கல்யாணம் நடக்குமா நடக்காதா என்று நீ அங்கே நகத்தைக் கடித்துக்கொண்டிருப்பாய், போன சனிக்கிழமை நானும் இங்கே பத்து விரலையும் கடித்து முடித்தேன்.

முதலில் உன்னைத் திட்டிவிடுகிறேன். பெண் கேட்க ஒருவனை அனுப்புகிறவள், ஊர் கூடுகிற மனேபா மண்டபத்தில் எந்த வம்சத்துத் தூணடியில் உட்கார வேண்டும், எதில் உட்காரவே கூடாது என்று சொல்லி அனுப்ப மாட்டாயா? அவன் வடக்கே புத்தாரித்தாரிக்காரன், அங்கே மழைக்கும் வாழைக்கும் குறைவில்லை, நம் தெற்குத் தீவுகளைப் போல உட்காருவதற்கு இத்தனை கெடுபிடியும் இல்லை. கொப்பரை ஏற்ற வரும் கப்பல் நான்கு நாள் தாமதமாக, நாங்கள் வலை இழுக்கப் போயிருந்த நேரமாகப் பார்த்து வந்தது. இறங்கியவன் நேராக மனேபாவுக்குள் போய், சிவப்புக் கரை வைத்த பாய்தான் அம்மாவுடையது என்று நீ சொல்லி வைத்திருந்தாயே, அதைத் தேடிப் பிடித்து, மாமனார் வீட்டுப் பாயில் உட்காருவதுதான் மரியாதை என்று சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டான். நம் தூணடியில்! ஒரு தூணடியில் உட்கார்ந்தவன் அந்த வம்சத்துப் பிள்ளை, ஒரே வம்சத்துக்குள் பெண் கொடுக்கிற வழக்கம் எங்கே இருக்கிறது? வலையோடு வந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டேன்.

பெரியவர் இயெரெமியா அவன் கொண்டுவந்த புகையிலையை மோந்து பார்த்துவிட்டு, "தம்பி, நீ யார் வீட்டுப் புள்ள?" என்று கேட்டார். இந்த அசடு பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு, என் பின்னால் வந்து நின்ற அப்பாவைக் காட்டி, "இனிமே இவங்க வீட்டுப் புள்ளதானுங்களே" என்றானே பார்க்கலாம். பின்னாலிருந்து ஒருத்தி, "அப்போ தெரீனா உனக்கு அக்காவா தங்கச்சியா?" என்று கேட்டாள், மனேபாவே கொல்லென்று சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. எழுந்து போ என்றால் விருந்தாளியை விரட்டியது போலாகும், இருக்கட்டும் என்றால் அவன் உனக்கு அண்ணனாகிவிடுவான். பெரியவர்கள் தலையைக் கவிழ்த்துக்கொண்டு யோசிக்க ஆரம்பித்தார்கள், அவர்கள் யோசித்தால் முடிவு கூடாது என்றுதான் வரும், நீயே பலமுறை பார்த்திருக்கிறாய். இயோபிக்கு அப்போதுதான் விஷயம் புரிந்து முகம் சாம்பல் பூத்துவிட்டது.

அப்போதுதான் அடுத்த தூணடியிலிருந்து பக்கத்து வீட்டுப் பெனுவா தொண்டையைச் செருமினார். அவருக்கும் அப்பாவுக்கும் பதினோரு வருஷமாகப் பேச்சில்லையே, எல்லையில் நின்ற மூன்று தென்னைக்காக. அதில் இரண்டைக் கடல் வந்து தின்றேவிட்டது, மிச்சமிருக்கும் ஒன்றுக்காக இன்னும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறார்கள். தொலைந்தோம் என்றுதான் நினைத்தேன். அவரோ, "பையன் என் விருந்தாளி. என் பக்கம் கூரை ஒழுகுது, அதான் கொஞ்சம் தள்ளி அந்தப் பாயில உட்காருடான்னு நான்தான் சொன்னேன்" என்றார். ஐந்து மாதமாக ஒரு சொட்டு மழை இல்லை! இயெரெமியா கூரையை நிதானமாக அண்ணாந்து பார்த்தார். "ஆமா, ரொம்பத்தான் ஒழுகுது" என்றார். உடனே எல்லோரும் அண்ணாந்து பார்த்து, ஆமாம் ஒழுகுகிறது, போன வருஷத்திலிருந்தே ஒழுகுகிறது என்றார்கள். இயோபி எழுந்து அந்தப் பக்கம் போய்ப் பெனுவாவின் பாயில் உட்கார்ந்தான், அந்த நிமிஷத்திலிருந்து அவர் வீட்டுப் பிள்ளை. பெனுவா ஏன் அப்படிச் செய்தார் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. நீ ஃபிஜிக்குப் போகும் முன்பு, தராவா ஆஸ்பத்திரியில் அவர் மனைவி முடியாமல் கிடந்தபோது நீதானே கூட இருந்து பார்த்துக்கொண்டாய், அதை மறக்கவில்லை போலிருக்கிறது.

இனிமேல் சம்பந்தம் பேசுவதென்றால் பெனுவா வீட்டுக்குத்தானே போக வேண்டும். உன் அப்பா வேலியோரம் போய் நின்று இருமினார், திரும்பி வந்தார், மறுபடியும் போய் இருமினார், பேச்சு மட்டும் வரவில்லை. திங்கள்கிழமை விடிந்ததும் ஆளைக் காணோம். மனேபாவில் போய்ப் பார்க்கிறேன், ஏணி போட்டு ஏறி, பெனுவா உட்காருகிற இடத்துக்கு நேர் மேலே இரண்டு தாழங்கீற்றை உருவிக்கொண்டிருக்கிறார். என்ன அக்கிரமம் இது என்றால், "நம்ம புள்ளைக்காகச் சொன்ன வார்த்தை, அது பொய்யாப் போகலாமா? கீழ விழுந்துடாம ஏணியப் பிடி" என்கிறார். பிடித்தேன்.

நேற்றுக் கல்யாணத்துக்கு நாள் குறிக்க எல்லோரும் கூடியபோது மழை பிடித்துக்கொண்டது, வடக்கிலிருந்து உன் ஆள் மூட்டை கட்டிக் கொண்டுவந்தான் என்று ஊரே சொல்கிறது. பானை சட்டி எல்லாம் வெளியே வைத்தோம். பெனுவாவின் தலையில் மட்டும் குழாய் திறந்த மாதிரி கொட்டுகிறது. மேலே பார்த்தார், அப்பாவைப் பார்த்தார், நகரவே இல்லை. அப்பா பாயைத் தட்டி, "யோவ், இப்படித் தள்ளி உட்காருய்யா" என்றார், பதினோரு வருஷத்தில் முதல் பேச்சு. இயெரெமியா உடனே, "ஒருத்தன் தள்ளி உட்கார்ந்ததே போதும், இனி எவனும் நகரக் கூடாது!" என்று அதட்டினார். அப்பா எழுந்து போய்த் தன் தொப்பியைக் கழற்றிப் பெனுவாவின் தலையில் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது, மழைச் சாரல் என்று சொல்லித் துடைத்துக்கொண்டேன்.

நாள் டிசம்பரில், நீ விடுப்பில் வருவதற்கு ஏற்ற மாதிரி. வேளைக்குச் சாப்பிடு, மெலிந்து வந்து நிற்காதே. உடம்புக்கு நலமும் மனசுக்கு அமைதியும் வீட்டுக்கு நிறைவும் உனக்குக் கிடைக்கட்டும். வரும்போது மறக்காமல் அப்பாவுக்கு ஒரு தொப்பி வாங்கி வா. பழையது பெனுவாவிடம் இருக்கிறது, வெயிலிலும் அதைத்தான் போட்டுக்கொண்டு திரிகிறார், இவரும் திருப்பிக் கேட்க மாட்டாராம்.

உன் அம்மா,
கபோராவு