பைருவேட் நொதியின் காலி இருக்கை

மார்ச் 4, 09:10
சீரிஸ் குறுங்கோள் நிலையம். எழுதுவது ஜெசிந்தா மோத்தா, உயிர்வேதியியல். உடன் இருப்பவன் பொறியாளன் அன்வர்தீன், எனக்குத் தம்பி மாதிரி. வேறு யாரும் கிடையாது. காற்று, நீர், மின்சாரம் சரி. சரக்குக் கப்பல் மே மாதம் வரும்.

இன்றைய வேலை: எங்கள் இருவரின் ரத்த அணுக்களிலிருந்து பைருவேட் டிஹைட்ரஜனேஸ் என்ற நொதியைப் பிரித்துப் படமெடுப்பது. தின்ற சோறு சர்க்கரையாகி, பாதி உடைந்து வந்து நிற்கும் வாசல் இது. இது திறந்தால்தான் உடலின் அடுப்புக்கு விறகு போகும். பந்து போன்ற உருவம். நீண்ட கை ஒன்று அந்தச் சர்க்கரைத் துண்டை ஒரு மேடையிலிருந்து அடுத்த மேடைக்குக் கடத்துகிறது. அழகான சாமான்.

மார்ச் 6, 14:30
படம் வந்தது. எல்லா நொதியிலும் தயமின் உட்காரும் குழி காலி. தயமின் என்றால் வைட்டமின் பி1. அது இல்லாவிட்டால் இந்த நொதி சும்மா கிடக்கும். தினமும் மாத்திரை விழுங்குகிறோம், ஆகவே மாதிரியைக் கழுவும்போது போயிருக்க வேண்டும். எங்கள் தொழிலில் படம் கெட்டால் முதலில் கழுவிய நீரைத்தான் திட்டுவோம். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதைதான். கஞ்சத்தனம் பார்க்காமல், ஆய்வகத்தில் இருந்த ஒரே சுத்தத் தயமின் புட்டி முழுவதையும் மாதிரியில் கலந்தேன்.

அன்வருக்குப் பாதம் மரத்துப்போகிறதாம். எனக்கும்தான். குளிராக இருக்கும்.

மார்ச் 7, 11:00
குழிகள் நிரம்பிவிட்டன. படத்தைப் பூமிக்கு அனுப்பினேன். இத்தனை மாதத்தில் இன்றுதான் சந்தோஷம். அன்வரின் கால் வீங்கியிருக்கிறது, மூச்சு வாங்குகிறது. அதையும் சேர்த்து எழுதினேன்.

மார்ச் 8, 10:20
பூமியிலிருந்து மருத்துவர் திரவியம்:
"ஜெசி, நீங்க கழுவினதுல ஒண்ணும் போகல. உங்க ரத்தத்துலயே அது இல்ல. ஜனவரியில நீங்க பிரிச்ச சாப்பாட்டுப் பெட்டிக்கு, அனுப்பறதுக்கு முன்னாடி கிருமி போகக் கதிர்வீச்சு காட்டினாங்க இல்ல, அதுல சோத்துலயும் மாத்திரையிலயும் இருந்த பி1 அழிஞ்சுபோச்சு. அந்தப் புட்டியை உடனே ரெண்டு பேருக்கும் ஊசியா போடுங்க."

புட்டி காலி. கலந்ததெல்லாம் படத்துக்காகச் சேர்த்த நச்சு உப்போடு கிடக்கிறது. உடம்பில் ஏற்ற முடியாது. அன்வரிடம் சொன்னேன். "படம் நல்லா வந்துச்சாக்கா?" என்று கேட்டான். வந்தது என்றேன்.

மார்ச் 15, 08:00
அன்வர் இறந்துவிட்டான். இதயம். உடலைக் குளிர் அறையில் வைத்தேன். இங்கிருந்து மக்கா எந்தத் திசை என்று தெரியவில்லை. பூமி இருக்கும் பக்கம் முகத்தைத் திருப்பி வைத்தேன்.

மார்ச் 20
எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிகிறது. காலில் வெந்நீர் கொட்டியிருக்கிறது, கொப்புளத்தைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. அன்வரை நினைத்தாலும் அப்படித்தான் இருக்கிறது. அழுகை வரவில்லை.

திரவியம்: "ஞாபகம் தப்பும் ஜெசி. நடக்காதது நடந்த மாதிரி மனசு சொல்லும். எழுதி வச்சதை மட்டும் நம்புங்க."

மார்ச்
அன்வருக்கு இன்று நல்ல பசி. இரண்டு பொட்டலம் சோறு சாப்பிட்டான். குளிர் அறையில் ஏன்டா படுத்திருக்கிறாய் என்று திட்டிக் கட்டிலுக்கு இழுத்து வந்தேன். கை சில்லென்று இருக்கிறது, போர்த்திவிட்டேன்.

பூமியில் யாரோ ஒருவர் பழைய பக்கங்களைப் படி, படி என்கிறார். படித்தேன். யாரோ என் பெயரில் பொய் எழுதி வைத்திருக்கிறார்கள். அன்வர் பார்த்தால் வருத்தப்படுவான். அவன் எழுந்திருப்பதற்குள் எல்லாவற்றையும் அழித்துவிட வே—